ஜோடி

காலை ஆறே காலுக்கு
பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்கு ஷூ கம்பெனி பஸ்.
ஐம்பது பெண்கள், ஐம்பது செல்போன்.
விடியாத வண்டிக்குள் முகங்கள் மட்டும் விடிந்திருக்கும்.
ஒன்பதாம் வார்டு குரூப்பில் நானும் இருந்தேன்.
தண்ணி எப்போது திறப்பார்கள் என்று
தெரிந்துகொள்ளச் சேர்ந்தது.

என் ஓட்டு தேசிங்குக்குத்தான். அதில் பேச்சே இல்லை.
வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைத்த ராத்திரி
வண்டியை எடுத்து வேலூருக்கு விரட்டி
சி.எம்.சி. வாசலில் காலில் செருப்பில்லாமல்
ஸ்ட்ரெச்சர் தள்ளியவர்.
"இத வெளிய சொல்லிகினு இருக்காதம்மா" என்றார்.
சொல்லவில்லை.
இப்போதுதான் சொல்கிறேன்,
அதுவும் இந்தக் காரணத்துக்காக.

சற்குணம் டீச்சர் ஒரு போட்டோ போட்டாள்.
பாட்டிலில் டீ நிறத்தில் போர் தண்ணீர்.
'பூட்டு சின்னத்தில் நிற்கும் அண்ணன்
இதற்கு என்ன செய்வார்?'
அவ்வளவுதான் கேட்டாள்.

முதலில் வந்தது லோகு. முகத்துக்குப் பதில் புலி.
'எவ்ளோ வாங்கினே?'
அடுத்தது யாரோ. அதற்கடுத்தது யாரோ.
ஒன்பது மணிக்குள் அவள் கல்யாணப் படம் வந்துவிட்டது,
மாப்பிள்ளை முகத்தில் சிவப்பாய் ஒரு பெருக்கல் குறி.
'புருஷன வச்சிக்கத் தெரியல,
இதுக்கு போர் தண்ணி ஒரு கேடு.'
கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள்
பதினேழு.
எண்ணினேன். எண்ணுவதுதான் எனக்கு வேலை.

அப்போது மேலே தெரிந்தது:
தேசிங்கு டைப் செய்கிறார்...
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
நின்றது. மறுபடி தெரிந்தது. நின்றது.
கடைசியில் வந்தது
ஒரு கும்பிடும் கை.
டீச்சருக்கா, பசங்களுக்கா,
பொதுவாக உலகத்துக்கா,
தெரியவில்லை.

நான் மட்டும் என்ன கிழித்தேன்?
'டீச்சர், விடுங்க' என்று அடித்தேன்.
அழித்தேன்.
டீச்சர் குரூப்பை விட்டுப் போனாள்.
சாம்பல் எழுத்தில் ஒரு வரி.

செக்கிங் டேபிளில் என் கைக்கு ஷூ தனியாக வராது,
ஜோடியாகத்தான் வரும்.
இடது கால் பழுதில்லாமல் இருக்கும்,
தையல் எறும்பு வரிசை மாதிரி.
வலது காலில் பசை பிதுங்கியிருக்கும்.
"இடத்த மட்டுமாவது பாஸ் பண்ணேன்" என்று
புதிதாய் வந்த பெண்கள் கெஞ்சுவார்கள்.
யார் வாங்குவார்கள் ஒற்றைக் காலை?

சீப்பு சின்னம் நவநீதம்.
ஆளை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.
அவள் பக்கத்துப் பசங்களும் உத்தமர்கள் இல்லை,
தேசிங்கின் வழுக்கையை வைத்தே
ஒரு வாரம் ஓட்டினார்கள்.
ஆனால், கல்வெர்ட்டு பணத்தை
அவர் விழுங்கிவிட்டதாக ஒரு செய்தி சுற்றியபோது
பஞ்சர் கடை இர்ஃபான் எழுதினான்,
சீப்புக்கே பூத் ஏஜெண்ட் அவன்:
'இது பொய்ங்க. ஜல்லி கொட்டும்போது நான் அங்கதான் இருந்தேன்.
ஓட்டு எங்க அக்காவுக்குப் போடுங்க.
இத நம்பி போடாதீங்க.'
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.
கட்டை விரல்கூட விழவில்லை.
சாப்பாட்டு நேரத்தில்
திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேசிங்கு வாசலுக்கு வந்தார்.
"அவருக்கு இப்ப பரவால்லயாம்மா?"
அதே குரல். பொய் இல்லை அதில்.
பின்னால் நின்ற பையன் "அக்கா, கொஞ்சம் தண்ணி" என்றான்.
சொம்பை வாயில் படாமல் தூக்கிக் குடித்தான்,
நல்ல வளர்ப்பு.
"டேய் லோகு, போலாம் வாடா" என்றார்கள்.
சொம்பை வாங்கும்போது
அவன் கட்டை விரலைப் பார்த்தேன்.
நகத்தைக் கடித்துக் கடித்துச் சின்னதாக இருந்தது.
இருபது வயதுகூட இருக்காது.

உருது ஸ்கூலில் பூத்.
செல்போனை வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
அட்டைத் தடுப்புக்குப் பின்னால்
கொஞ்ச நேரம் நின்றேன்.
"சீக்கிரம்மா" என்றார் ஆபீசர்.
செருப்பில்லாத இரண்டு கால்கள் ஞாபகம் வந்தன.
பூட்டைத் தாண்டி விரல் இறங்கியது.
அந்தச் சத்தம் இவ்வளவு நீளம் என்று
அதற்கு முன் கவனித்ததில்லை.

வெளியே நூறு மீட்டர் கோட்டுக்கு அப்பால்
வெயிலில் தேசிங்கு,
வருகிற போகிற எல்லாருக்கும் கும்பிட்டபடி.
எனக்கும் கும்பிட்டார்.
நானும் கை கூப்பினேன்.
எதற்கு என்று
அவரும் கேட்கவில்லை.